மின் உருகி

மின்சுற்றில் அளவுக்கு மீறி மின்னோட்டம் பாயும்போது தானே உருகி அறுந்து சுற்றைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி மின் உருகி; பேச்சுவழக்கில் ஃபியூஸ். தந்திக் கருவிகளை மின்னலிலிருந்து காக்க மெல்லிய கம்பியை இடையில் சேர்க்கலாம் என்று 1847இல் பிரான்சின் லூயி பிரெகே சொன்னார். எந்தக் கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும் என்பதை 1880களில் வில்லியம் பிரீஸ் கணக்கிட்டார். அவருடைய வாய்பாட்டின்படி, திறந்த காற்றில் 1 மி.மீ. விட்டமுள்ள செம்புக் கம்பி உருகச் சுமார் 80 ஆம்பியர் வேண்டும். விட்டம் பாதியானால் 28 ஆம்பியரே போதும்.

கம்பியை உருக வைப்பது எளிது. உருகிய பிறகு மின்னோட்டத்தை நிறுத்துவதுதான் வடிவமைப்பின் கடினமான பகுதி. குறுக்குச்சுற்று ஏற்படும்போது ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயலாம். அப்போது கம்பி அறுந்த இடைவெளியில் உலோக ஆவி நிரம்பி, அதன் வழியே மின்வில் எரியும், மின்னோட்டம் நிற்காது. சாதாரண ஃபியூஸ் கட்டையில் உருகிய உலோகம் வெளியே தெறிக்கும். கண்ணாடிக் குழாய் உருகியோ வெடித்தே போகலாம்.

இதற்கான விடை, நுண்பொருள் நிரப்பிய குழாய். அத்தகைய உருகிக்கு இங்கிலாந்தின் மோர்டி 1890இல் காப்புரிமை பெற்றார். இன்று ஆலைகளில் உள்ள 'எச்.ஆர்.சி.' (உயர் துண்டிப்புத் திறன்) ஃபியூஸ் அதன் வழிவந்ததே. பீங்கான் உடலுக்குள் வெள்ளி அல்லது செம்புத் தகடு இருக்கும். அதைச் சுற்றிலும் தூய குவார்ட்ஸ் மணலை இறுக அடைத்திருப்பார்கள். தகட்டில் வரிசையாகத் துளையிட்டுக் குறுகிய கழுத்துகளை உண்டாக்குவார்கள். குறுக்குச்சுற்றில் இந்தக் கழுத்துகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே கணத்தில் உருக, ஒரு பெரிய வில்லுக்குப் பதில் பல சிறு விற்கள் தொடராக எரிகின்றன. அவற்றின் மொத்த மின்னழுத்தம் மூலத்தின் மின்னழுத்தத்தை மிஞ்சியதும் மின்னோட்டம் சரிந்து சுழியமாகிறது. மணல் வெப்பத்தைக் குடித்து உருகி, கண்ணாடி போல் இறுகிவிடும். மணற்பரப்பில் மின்னல் பாயும்போது உண்டாகும் குழாயும் இதே வகைதான்.

வேகம் வியப்பூட்டுவது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓர் அரை அலை 10 மில்லி நொடி. அதன் உச்சம் 5 மில்லி நொடியில். பெரிய குறுக்குச்சுற்றில் நல்ல உருகி அதற்கு முன்பே உருகிவிடுவதால், அந்த உச்ச மின்னோட்டம் வருவதே இல்லை. வில் விரைவில் அணையட்டும் என்று கழுத்துகளை வேண்டிய மட்டும் கூட்டிவிடவும் முடியாது; வில்லின் மின்னழுத்தம் எல்லை மீறினால் மற்றக் கருவிகளின் காப்பு பழுதாகும்.

சிறிய மிகைச்சுமையில் சிக்கல் வேறு. வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும். மெல்ல மெல்ல அந்த வெப்பம் ஏறுவதற்குள் உருகியின் உடலும் தாங்கியும் பாழாகிவிடும். எனவே தகட்டின் மேல் ஒரு துளி வெள்ளீயம் வைக்கிறார்கள். அது 232 டிகிரியிலேயே உருகி, அடியிலுள்ள வெள்ளியையும் கரைத்துவிடுகிறது. இவ்விளைவை 1939இல் விளக்கியவர் மெட்கால்ஃப். ஒரு துளியில் இவ்வளவு பெரிய சிக்கலைத் தீர்த்தது பொறியியலின் அழகான தீர்வுகளில் ஒன்று.

நேர்மின்சாரத்தில் மின்னோட்டம் தானாகச் சுழியத்தைத் தொடுவதில்லை. வில் அணைவது கடினம். சூரிய ஒளிப் பலகைகளுக்கும் மின்கார்களின் மின்கலங்களுக்கும் தனி வகை உருகிகள் தேவைப்படுவது இதனால்தான்.

ஓர் உருகியில் ஆம்பியரை மட்டும் பார்ப்பது போதாது. எவ்வளவு பெரிய மின்னோட்டத்தை வெடிக்காமல் துண்டிக்கும் என்ற துண்டிப்புத் திறனும் அதே அளவு முக்கியம். சிறிய கண்ணாடிக் குழாய் உருகியில் இது 35 ஆம்பியர் அளவிலேயே இருக்கலாம். மணல் நிரப்பிய ஆலை உருகியில் 80,000 ஆம்பியர். வீட்டு ஃபியூஸ் கட்டையில் கைக்குக் கிடைத்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டாதீர்கள். 15 ஆம்பியர் வயரிங்கில் 1 மி.மீ. கம்பி கட்டினால், அது உருகுமுன் சுவருக்குள் இருக்கும் வயர் எரிந்துவிடும்.