குத்தகைக்கு வந்த சக்கரம்

எங்கள் சேவூர்ப் பக்கத்தில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், கெடு முடிந்ததும் மண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதில் பழகிய கை மட்டும் அவரிடம் இருக்கும். இந்தியக் கடற்படையின் அணுசக்தித் தாக்குதல் நீர்மூழ்கிகளின் வரலாறும் ஏறக்குறைய அப்படித்தான்.

முதல் 'சக்ரா' சோவியத் நாட்டின் கே-43. 1967இல் அந்நாட்டுக் கடற்படையில் சேர்ந்து 20 ஆண்டுகள் உழைத்தபின், 1988 ஜனவரியில் மூன்றாண்டுக் குத்தகைக்கு நம்மிடம் வந்தது. டீசல் நீர்மூழ்கி தன் மின்கலங்களுக்கு மின்னேற்ற, காற்றைத் தேடி அடிக்கடி நீர்மட்டத்துக்கு அருகே வந்தாக வேண்டும். அணு உலைக்குக் காற்று வேண்டாம். உள்ளிருப்போரின் உணவு தீரும்வரை ஆழத்திலேயே கிடக்கலாம். இதை ஏட்டில் படிப்பது வேறு, அதற்குள் உறங்கி விழிப்பது வேறு. 1991இல் கப்பல் திரும்பியது. சோவியத் நாடும் அவ்வாண்டே மறைந்தது. மறு ஆண்டு கப்பலுக்கும் ஓய்வு.

பிறகு 21 ஆண்டுகள் வெறுமை. ஒரு மாலுமியின் பணிக்காலமே அதில் முடிந்துவிடும். ஆயினும் பழகிய கை முழுதும் வீணாகவில்லை. சக்ராவின் தலைவராயிருந்த ஆர்.என். கணேஷ், பின்னாளில் அரிஹந்தை உருவாக்கிய திட்டத்துக்கே தலைமை ஏற்றார். அதன் உலையின் முன்மாதிரி இயங்கியது நம் கல்பாக்கத்தில். (அரிஹந்த் அணு ஏவுகணை சுமப்பது, வேட்டைக் கப்பல் அல்ல.)

இரண்டாம் சக்ரா, ரஷ்யாவின் 'நெர்பா', 2012 ஏப்ரலில் நம் கடற்படையில் சேர்ந்தது. 2008இல் சோதனை ஓட்டத்தின்போது, தீயணைப்பு வாயு தவறுதலாகத் திறந்துகொண்டு 20 பேரைப் பலிகொண்ட கப்பல் அது. 2021 ஜூனில் அதுவும் திரும்பிச் சென்றது. சொந்தமாக இரண்டு கட்டுவதற்கு ஒப்புதல் கிடைத்தது 2024 அக்டோபரில். அவை நீரில் இறங்கும் நாளில், இரண்டாம் சக்ராவில் பழகியவர்களில் எத்தனை பேர் சீருடையில் இருப்பார்கள் என்பதே என் கவலை.