ஒரு பெருமூச்சு இசைத்தட்டில் ஏறிய கதை

1928 கோடையில், ஜப்பானின் வடகிழக்கில் சாவோ மலையடிவாரத்தில் உள்ள ஆவோனே என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு, நண்பரோடு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் கோகா மசாவோ. வயது 23. தோக்கியோவில் மெய்ஜி பல்கலைக்கழக மாணவர். கையில் காசில்லை. படிப்பு முடிந்தால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அந்த மந்த காலத்தில் இல்லை. நேசித்த பெண்ணும் கைகூடவில்லை. அவர் அந்த மலையூருக்கு வந்தது உயிரை விடுவதற்காக.

பிழைத்துக்கொண்டார். சாவோ மலைமேல் அந்தி கவிந்த வேளையில், கிட்டாதவளின் நிழலைத் தேடி அலையும் ஒருவனின் வரிகள் அவருக்குள் எழுந்தன. பிற்பாடு அவரே அவற்றுக்கு மெட்டும் கட்டினார். ‘காகே வோ ஷிதாய்தே’, அதாவது ‘நிழலை நாடி’ என்று பெயர் வைத்தார். பாட்டு பிறந்துவிட்டது. அதைப் பாட வேண்டிய குரல் எது என்பது மட்டும் அப்போது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கோகாவின் காதில் அந்தச் சோகம் எப்போதோ குடியேறியிருந்தது. 1904இல் ஃபுக்குவோக்கா மாநிலத்தில் பிறந்தவர், சின்ன வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, அப்போது ஜப்பானின் பிடியில் இருந்த கொரியாவுக்குப் போனார். இஞ்சியோனிலும் சியோலிலும் சிறுவன் வளர்ந்தான். அண்ணனின் கடையில் வேலை செய்த கொரியர்கள் முணுமுணுத்த நாட்டுப்பாடல்கள் அவன் காதில் தங்கிவிட்டன. 1923இல் மெய்ஜியில் சேர்ந்ததும், அங்கே மாண்டலின் குழு ஒன்று உருவாக முன்னின்றார். 1929இல் ஸ்பெயினின் கிடார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா ஜப்பானுக்கு வந்து வாசித்தபோது, கோகா அதைக் கேட்டுச் சொக்கிப்போனார். துணைக்கு வேறெதுவும் இல்லாமல், ஒற்றைக் கிடாரே ஒரு மனிதனின் மனதை முழுசாகச் சொல்லிவிட முடியும் என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் இசைத்தட்டுக் கம்பெனிகளின் கதவைத் திறக்கக் கிடார் மட்டும் போதாதே.

அங்கே ஒரு நல்ல வாய்ப்பு குறுக்கிட்டது. அன்றைய பிரபல பாடகி சாத்தோ சியாக்கோ, மாண்டலின் குழுவின் நிகழ்ச்சிக்குப் பாட வந்தவர், இந்த மாணவரின் பாட்டில் மனம் வைத்தார். 1930இல் விக்டர் கம்பெனிக்காக ‘நிழலை நாடி’யைப் பாடிப் பதிவும் செய்தார். நாடறிந்த குரல், பெரிய கம்பெனி, எல்லாம் கூடி வந்தன. தட்டு விற்கவில்லை. சாத்தோ சியாக்கோ ஆபெரா கற்க இத்தாலிக்குக் கப்பலேறிவிட்டார். பாட்டைக் கேட்பாரில்லை.

கோகாவை மட்டும் அதிர்ஷ்டம் முழுவதும் கைவிடவில்லை. 1931இல் நிப்பான் கொலம்பியா கம்பெனி அவரை இசையமைப்பாளராக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு அதே கம்பெனியில், முகத்தை வெளியே காட்ட முடியாத ஒரு மாணவரும் பாடிக்கொண்டிருந்தார்.

அவர் மசுநாகா தக்கேவோ. தோக்கியோவின் நிஹோன்பாஷியில் துணி மொத்த வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை. உவேனோவில் இருந்த அரசு இசைப்பள்ளியில் மேல்நாட்டுச் செவ்வியல் குரலிசை படித்துக்கொண்டிருந்தார். பொருளாதார மந்தத்தில் குடும்ப வியாபாரம் நொடித்து, கடன் கழுத்தை நெரித்தது. இசைத்தட்டில் பாடினால் பணம் கிடைக்கும். பள்ளியோ, மாணவர்கள் வெளியே பாடுவதைத் தடை செய்திருந்தது. ஆகவே ஃபுஜியாமா இச்சிரோ என்ற புனைபெயருக்குள் அவர் ஒளிந்துகொண்டார். ஒரு பாட்டு பெரிதாக வெற்றி பெறாதவரை அந்த ரகசியத்துக்கு ஆபத்தில்லை.

ஆபத்து ஹக்கோதாத்தேயிலிருந்து வந்தது. ஹொக்கைதோ தீவின் அந்தத் துறைமுக நகரில் பத்திரிகை நிருபராக இருந்த தக்காஹாஷி கிக்குதாரோ, கொலம்பியாவுக்குச் சில வரிகள் எழுதி அனுப்பியிருந்தார். மதுக்கிண்ணத்தின் முன் உட்கார்ந்து, இழந்த காதலை எண்ணும் ஒருவனின் வரிகள். தலைப்பே ஒரு கேள்வி: ‘சாக்கே வா நமிதா கா தமேய்க்கி கா’, மது என்பது கண்ணீரா, பெருமூச்சா? மிகக் குட்டையான செய்யுள். மெட்டு விரிய இடமே இல்லை. கோகா அதனோடு மல்லுக்கட்டி, கடைசியில் தன் கிடாரின் துயரத்தையே அதற்குள் வைத்தார். ஏழு சுரங்களில் நான்காவதையும் ஏழாவதையும் விட்டுவிட்ட ஐந்து சுர மெட்டு அது. சிவரஞ்சனி ராகத்தின் தைவதத்தை மட்டும் ஒரு படி இறக்கினால் வரும் வரிசை. கோகாவுக்கு முன்பே நாக்காயாமா ஷிம்பெய் போன்ற இசையமைப்பாளர்கள் அந்தச் சுர வரிசையைக் கையாண்டிருந்தார்கள். இங்கே மெட்டைவிட, அதைப் பாடும் விதம்தான் சிக்கலாக நின்றது.

சில வருடங்கள் முன்புவரை இசைத்தட்டுப் பதிவு என்றால் கூம்பு வாய்க்குள் உரக்கப் பாடுவதுதான். மெல்லிய குரல் மெழுகில் விழவே விழாது. 1920களின் இறுதியில்தான் மின்சாரப் பதிவும் மைக்கும் ஜப்பானுக்கு வந்தன. அரங்கின் கடைசி வரிசைவரை எட்டும்படி பாடப் பழகிய ஃபுஜியாமா, அந்தப் பயிற்சியையெல்லாம் அடக்கிக்கொண்டு, மைக்குக்கு நெருக்கமாக நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்கே குரல் கொடுத்தார். கிடாரின் ஒவ்வொரு தந்தியும் கேட்க வேண்டும், அதற்கு மேல் குரல் எழும்பக் கூடாது. வளர்ந்த ஆண் ஒருவன் தன் தோல்வியை முனகலாகச் சொல்வதை மக்கள் காசு கொடுத்து வாங்குவார்களா?

வாங்கினார்கள். 1931 இலையுதிர்காலத்தில் தட்டு வெளிவந்தது. அந்தச் செப்டம்பரில்தான் மஞ்சூரியாவில் ஜப்பானியப் படையின் துப்பாக்கிகள் வெடித்திருந்தன. ஊரில் வேலையில்லை, கிராமங்களில் சோற்றுக்குத் திண்டாட்டம். அந்த நேரத்தில் அந்த மெல்லிய குரல் நாடு முழுவதும் பரவியது. அடுத்த ஆண்டே கொரியாவில் பாடகர் சே கியூ-யோப் அதைக் கொரிய மொழியில் பாடினார். ஜப்பானிய சோகப் பாட்டுக்கும் கொரிய சோகப் பாட்டுக்கும் எது தாய், எது சேய் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. கோகாவின் பால்யத்தைப் பார்த்தால், இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் தோக்கியோவில் அந்தத் தட்டின் வெற்றியே பாடியவரின் கழுத்துக்குக் கத்தியாக வந்தது.

இவ்வளவு பிரபலமான குரலை எத்தனை நாள் மறைக்க முடியும்? இசைப்பள்ளிக்கு விஷயம் தெரிந்தது. வெளியேற்றும் அளவுக்குப் பேச்சு போனது. மாணவரோ வகுப்பில் முதல் வரிசைக்காரர். ஆசிரியர்கள் பரிந்து பேசினார்கள். ஒரு மாத இடைநீக்கத்தோடு தப்பினார், இனி இசைத்தட்டில் பாடக் கூடாது என்ற கட்டளையோடு. ஆனால் கட்டளை வருவதற்குள் ஒரு காரியம் நடந்து முடிந்திருந்தது. விற்காமல் போன அந்தப் பழைய மலையடிவாரப் பாட்டை, கோகா ஏற்கனவே அவரைப் பாடவைத்துப் பதிந்து வைத்திருந்தார்.

1932இல், பாடியவர் வாய்மூடி வகுப்பில் உட்கார்ந்திருக்க, ‘நிழலை நாடி’ இரண்டாம் முறையாக வெளிவந்தது. அதே வரிகள், அதே மெட்டு. இம்முறை நாடே அதைப் பாடியது. மறுவருடம் மசுநாகா முதல் மாணவராகத் தேறி, ஃபுஜியாமா இச்சிரோவாகவே வெளியே வந்தார்.

பின்னர் பாதை விரிந்தது. 1966இல் மோரி ஷின்-இச்சி என்ற இளைஞர், கைவிடப்பட்ட பெண்ணின் பெருமூச்சைக் கரகரத்த ஆண்குரலில் பாடி அறிமுகமானார். சில ஆண்டுகளில் ‘நிழலை நாடி’யையும் அவர் பாடினார். இந்தச் சோகப் பாட்டு வகைக்கு ‘என்கா’ என்ற பெயர் நிலைத்ததும் அந்தக் காலத்தில்தான். 1971இல் கோபே நகரின் மதுக்கூடங்களில் பாடுபவர்களுக்குப் பின்னணி வாசித்துவந்த இனோவே தாய்சுக்கே, காசு போட்டால் இசை மட்டும் ஒலிக்கும் பெட்டி ஒன்றைச் செய்து வாடகைக்கு விட்டார். அதன்பின் கிண்ணத்தின் முன் உட்கார்ந்த எந்த ஆணும் மைக்கைக் கையில் எடுத்து, தன் காதல் தோல்வியைத் தானே பாடிவிடலாம் என்றானது.

1978இல் கோகா மறைந்ததும் ஜப்பான் அரசு அவருக்கு மக்கள் கௌரவ விருது வழங்கியது. ஒரு காலத்தில் பாடியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஃபுஜியாமாவுக்கு அதே விருது 1992இல் கிடைத்தது. மறுவருடம் அவரும் போனார். 1997இல் பாடகர் யாமசாக்கி மசயோஷி, கிடாரோடு மைக்குக்குப் பக்கத்தில் நின்று, திரும்பி வராத ஒருத்தியைத் தெருத்தெருவாகத் தேடுகிற ‘ஒன் மோர் டைம், ஒன் மோர் சான்ஸ்’ பாட்டை வெளியிட்டார். 2007இல் ஷின்காய் மக்கோட்டோவின் ‘5 சென்டிமீட்டர் பர் செகண்ட்’ அனிமே படம் அதை ஜப்பானுக்கு வெளியேயும் கொண்டுபோனது. ஜப்பானிய ஆண்குரலின் காதல் சோகம் என்றால் ஜப்பானுக்கு வெளியே பலருக்கும் நினைவு வரக்கூடிய பாட்டு இது.