மாத்திரையின் விலையும் ஒரு நாள் கூலியும்

சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸிலும் பயர் ஆபீஸிலும் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்யும் பெண்கள் களைப்பை நோயாக எண்ணுவதில்லை. இடப்பக்க வயிறு கனத்தாலும் அப்படியே தள்ளிப்போடுவார்கள். நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயின் தொடக்க அறிகுறிகளும் இவைதான். பரிசோதித்துப் பார்த்தால், மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டிய வெள்ளணுக்கள் லட்சத்தைத் தாண்டியிருக்கலாம். எண்ணிக்கை மிக அதிகமானால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டு மூளையும் நுரையீரலும் கண்ணும் பாதிக்கப்படும்.

1950களில் வந்த பியூசல்ஃபானும், பின்னர் வந்த ஹைட்ராக்சியூரியாவும் எண்ணிக்கையை இறக்கின. அவசர நிலையில் இயந்திரத்தின் வழியே வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். ஆனாலும் சில ஆண்டுகளில் நோய் முற்றியது. அதன் வேரை 1973இல் விளக்கியவர் அமெரிக்க ஆய்வாளர் ஜேனட் ரௌலி. நான்கு பிள்ளைகளின் தாயான அவர், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குரோமோசோம் படங்களை வெட்டி அடுக்கிப் பார்த்தார். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதைக் கண்டறிந்தார். அந்த மாற்றத்தால் உருவாகும் புரதத்தைத் தடுக்கும் இமாடினிப் 2001இல் வந்தது.

இந்தியாவில் காப்புரிமை வழக்கு நடந்த காலத்தில் நோவார்ட்டிஸின் மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆனது. உள்நாட்டு நிறுவனங்களின் மருந்துக்குப் பத்தாயிரத்துக்குள் ஆனது. நோவார்ட்டிஸ் பலருக்கு இலவசமாகவும் கொடுத்தது. ஆனால் இலவசம் என்பது உரிமை அல்ல. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் அதன் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2007இல் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது.

விலை இறங்கியும் பெண்ணுக்குச் சிக்கல் தீரவில்லை. இமாடினிப் கருவைப் பாதிக்கக்கூடும். ஆகவே கர்ப்பிணிக்கு இன்டர்ஃபெரான், வெள்ளணுப் பிரிப்பு போன்ற பழைய வழிகளே மீண்டும் தேவைப்படுகின்றன. குழந்தை வேண்டும் என்ற நெருக்கடியில் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தினால் எண்ணிக்கை மறுபடி ஏறும்.

2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மருத்துவமனை அருகில் வந்திருக்கிறது. ஆனால் செய்த வேலைக்கு மட்டுமே கூலி என்றால், பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள்தான். மருந்தின் விலையைக் கணக்கிடும்போது அந்தக் கூலியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.