அப்பாவின் மிதிவண்டியும் நம் தோட்டங்களின் தொடக்கமும்



வரலாற்றுப் பாடவேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் ஏன் மலாயாவுக்கு வந்தாங்க?" என வினவினான். பால்மரம் வெட்ட வந்தார்கள் என்றேன். "அந்த ரப்பர் அப்போ யாருக்கு வேணும்?" என்று அடுத்த கேள்வியைத் தொடுத்தான். சட்டென்று விடை கூற இயலவில்லை.

அதற்கான விடை என் வீட்டுக் கொட்டகையிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. அது என் தந்தையாரின் பழைய மிதிவண்டி.

1888-ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கினார். அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிதிவண்டி மோகம் பரவியது. ரப்பரின் தேவை பெருகியது. அத்தேவைக்காக ஆப்பிரிக்காவின் கொங்கோவில், பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆட்சியில், காட்டு ரப்பர் திரட்டுமாறு மக்கள் கொடுமைப்படுத்தப்பட்டனர். எண்ணற்றோர் மாண்டனர்.

மலாயாவில் ரப்பர் வேறு வழியில் வந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுசென்ற விதைகளின் வழிவந்த கன்றுகள், 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, தோட்டக்காரர்களிடம் ரப்பர் பயிரிடுமாறு ஓயாது வலியுறுத்தினார். பலரும் அவரைக் கிறுக்கர் என்றே எண்ணினர். அவர் சொல்லை நம்பி 1896-இல் ஏறக்குறைய 40 ஏக்கரில் பயிரிட்டவர், நம் மலாக்காவின் டான் சே யான். இடம் புக்கிட் லிந்தாங். பின்னர் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் அமைத்தார். மலாயாவில் வணிக நோக்கிலான ரப்பர் பயிரீட்டின் தொடக்கம் நம் மாநிலத்திலேயே நிகழ்ந்தது என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

தமிழர் அதற்கு முன்னரே கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு வந்திருந்தனர் என்பது உண்மையே. எனினும், கங்காணிகள் வழியாகப் பெருந்திரளாக வந்தது ரப்பருக்காகத்தான். மிதிவண்டி தொடங்கிவைத்த தேவையை மோட்டார் வண்டி பன்மடங்காக்கியது. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அந்த ஆள்சேர்ப்பு தொடர்ந்தது.

டயருக்காக மரம் வெட்ட வந்தவர்களின் வாழ்வில், பிற்காலத்தில் அந்த டயரே மிதிவண்டியாக வந்து சேர்ந்தது. காண்டாக் கம்பில் பால் வாளிகளைச் சுமந்து தோள் காய்த்தவர்களுக்கு அது பெருந்துணை. என் தந்தையார் சேறு அடைத்துக்கொள்ளும் மட்காட்டைக் கழற்றி எறிந்தார். கேரியரின் இருமருங்கிலும் வாளி மாட்ட இரும்புக் கொக்கிகள் பற்றவைத்தார். மேடு பள்ளமான மண்சாலைக்கேற்ப அவரே வடிவமைத்த வண்டி அது.

கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்து இளைஞர்களும் 1970-களில் இதனையே செய்தனர். தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளைத் தேடிப்பிடித்து, வேண்டாதவற்றைக் கழற்றிவிட்டு மலைச்சரிவில் ஓட்டினர். பிரேக்கின் சூட்டில் மசகு எரிந்து புகைந்துவிடும். மீண்டும் மசகு அடைக்க வேண்டும். அதனால் 1976-இல் தொடங்கிய அவர்களது பந்தயத்திற்கு 'ரீபேக்' என்றே பெயர். 1977-இல் ஜோ பிரீஸ் மலையோட்டத்திற்கென்றே புதிய சட்டம் ஒன்றை உருவாக்கினார். மலை மிதிவண்டி 1996-இல் ஒலிம்பிக் வரை சென்றது. அவர்கள் விளையாட்டுக்காகச் செய்தனர். நம்மவர் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தனர்.

இதை எண்ணியே தந்தையாரின் வண்டியை மீண்டும் கட்டத் துணிந்தேன். துருவைச் சுரண்டி வண்ணம் பூசி, 26 அங்குலச் சக்கரங்களில் தடித்த டயர் பொருத்தினேன். சக்கரம் சிறியதானதால் பழைய கம்பிப் பிரேக் ரிம்மை எட்டவில்லை. ஆகவே, குடத்தினுள்ளேயே மூன்று கியரும் பிரேக்கும் அமைந்த பின்சக்கரத்தைத் தேர்ந்து, எஃகுச் சட்டத்தின் பின்கால்களைச் சற்றே விரித்து மாட்டினேன். அந்தக் கொக்கிகளை மட்டும் அகற்ற மனம் வரவில்லை.

ஒரு பள்ளி விடுமுறையில், விடியற்காலையில் தங்கா பத்துவிலிருந்து புறப்பட்டேன். தஞ்சோங் கிளிங், கிளேபாங் வழியாக மலாக்கா நகரை அடைந்து, 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தின் முன் சற்று நின்றேன். ரப்பருக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே இங்கு வணிகராக வாழ்ந்த தமிழரின் வழித்தோன்றல்கள் எழுப்பிய ஆலயம் அது. அவர்கள் வரலாறு வேறு. தோட்டத்து வழி வந்த நம் வரலாறு வேறு. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

வெயில் ஏறியபோது புக்கிட் லிந்தாங் சேர்ந்தேன். 1896-இன் மரங்களைத் தேடவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பால்மரத்தின் பயன் முடிந்துவிடும். வெட்டி மறுநடவு செய்வர். சாலையோரத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டுக் கொக்கிகளைப் பார்த்தபடி வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.

இவ்வண்டிக்கு இன்னொரு முகமும் உண்டு. 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் தரையிறங்கிய சப்பானியர், மிதிவண்டிகளில் விரைந்து, 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரையே பணியவைத்தனர். மக்களிடமிருந்தும் வண்டிகளைப் பறித்தனர். டயர் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினர். அடுத்த ஆண்டுக்குள் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மீளாதோர் மிகப் பலர்.

பள்ளி திறந்ததும் வண்டியை வகுப்புக்கே கொண்டுசென்றேன். டயரைத் தொட்டுக்காட்டி, "நீ கேட்ட கேள்விக்கு இதுதான் விடை" என்றேன். அம்மாணவன் கொக்கியைப் பிடித்துப் பார்த்து, "எங்க தாத்தா வண்டியிலயும் இது இருக்குங்கையா" என்றான்.

பெற்றோர்களே, அத்தகைய வண்டி உங்கள் வீட்டில் இருப்பின், பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன் பிள்ளையை அழைத்துக் காட்டுங்கள். அதனை ஓட்டியவர் உயிரோடிருந்தால் அவரையே பேசச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அவர் கூறுவதை மாணவர் ஒரு பக்கக் கட்டுரையாக எழுதட்டும். தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அவற்றின் வரலாற்றை நாம் எழுதாவிடில் நமக்காக வேறு யார் எழுதுவார்?