ஜெபத்தோடு தொடங்கிய வகுப்புகளும் ஒரு மூடிய வாசலும்

3,459 டாலர் 93 காசு. அமெரிக்க உச்ச நீதிமன்ற வரலாற்றில் இன்றும் பேசப்படும் ஒரு வழக்கு இந்தச் சிறிய தொகையில்தான் தொடங்கியது. பணத்தைக் கட்டியது நார்த் கரோலினா மாநிலத்தின் கோல்ட்ஸ்பரோ நகரில் இருந்த ஒரு கிறிஸ்தவப் பகல்நேரப் பள்ளி. தன்னிடம் வேலை பார்த்த ஒரே ஒருவருக்காக, 1969 முதல் 1972 வரையிலான ஆண்டுகளுக்குக் கட்டிய வரி அது. நம் ஊர் சொக்சோ சந்தாவைப் போன்ற சமூகப் பாதுகாப்பு வரியும் அதில் அடக்கம். கட்டிய கையோடு, தாங்கள் வரிவிலக்குக்கு உரியவர்கள், பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அரசாங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தது பள்ளி.

மிஷன் பள்ளி என்றதும் நம்மவர்களுக்கு மெதடிஸ்ட் பள்ளியும் கான்வென்டும்தான் நினைவுக்கு வரும். எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்த பள்ளிகள் அவை. கோல்ட்ஸ்பரோ பள்ளி அந்த ரகம் அல்ல. தனித்தியங்கும் பாப்டிஸ்ட் சபைகளுக்கு மேலே பேராயரும் இல்லை, தலைமைச் சங்கமும் இல்லை. ஒவ்வொரு சபையும் தனக்குத் தானே தலைவன். அந்தச் சபைகள் நடத்தும் பள்ளிகளில் பெரும்பாலும் தேவாலயத்தின் ஞாயிறு பள்ளி அறைகளே வாரநாள் வகுப்பறைகள், போதகரே நிர்வாகி. அந்தக் காலத்தில் அரசாங்க மானியத்தை அவர்கள் பொதுவாகக் கேட்டதும் இல்லை, விரும்பியதும் இல்லை.

இந்த விலகலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க விடுதலைக்கு முந்திய வர்ஜீனியாவில் உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காகச் சிறை சென்றவர்கள் பாப்டிஸ்ட் போதகர்கள். அரசும் மதமும் தனித்தனியே இருக்க வேண்டும் என்று அதிபர் ஜெஃபர்சன் 1802இல் எழுதிய புகழ்பெற்ற கடிதமும் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு எழுதப்பட்டதுதான். ஆகவே, எங்கள் பள்ளிக்குள் அரசாங்கம் தலையிடக் கூடாது என்று அவர்கள் சொன்னபோது அதை வெறும் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது.

அப்பள்ளிகளில் பிள்ளைகளின் நாள் எப்படி இருந்தது? பல பள்ளிகளில் காலையில் மூன்று உறுதிமொழிகள்: ஒன்று அமெரிக்கக் கொடிக்கு, இன்னொன்று சிலுவை பொறித்த கிறிஸ்தவக் கொடிக்கு, மூன்றாவது வேதாகமத்துக்கு. பிறகு மனப்பாட வசனம். அதுவும் 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில்தான். ஆண் பிள்ளைகளின் முடி சட்டைக் காலரைத் தொடக் கூடாது. பெண் பிள்ளைகளின் பாவாடை முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும். நடனம், ராக் இசை, சினிமா எதற்கும் இடமில்லை. தவறினால் தண்டனைப் புள்ளி. அது சேரச் சேரப் பெற்றோருக்கு அழைப்பு வரும்.

டெக்சஸ் மாநிலத்தில் டொனால்ட் ஹவர்ட் 1970இல் தொடங்கிய பாடத்திட்டத்தைப் பின்பற்றிய பள்ளிகள் இன்னும் விசித்திரமானவை. வகுப்பு முழுவதற்கும் சேர்த்துப் பாடம் நடத்தும் ஆசிரியர் அங்கே இல்லை. பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க முடியாதபடி தடுப்புப் பலகை வைத்த மேசையில் அமர்ந்து, சிறு பயிற்சி நூல்களைத் தாங்களே படித்து முடிப்பார்கள். சந்தேகம் வந்தால் கையைத் தூக்கக் கூடாது; மேசை மேல் ஒரு சிறிய கொடியை நட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். விடையைத் திருத்துவதும் முதலில் மாணவரின் வேலைதான். ஏமாற்ற எவ்வளவு வசதி என்று தோன்றலாம். நேர்மையைப் பழக்குவதே அதன் நோக்கம் என்றார்கள்.

கோல்ட்ஸ்பரோ பள்ளியில் பாலர் வகுப்பு முதல் உயர்நிலை வரை இருந்தது. ஒவ்வொரு வகுப்பும் ஜெபத்தோடு தொடங்கியது. உயர்நிலை மாணவர்களுக்கு வேதாகமப் பாடம் கட்டாயம். பொதுக்கல்வியிலும் குறையில்லை, மாநிலம் தனியார் பள்ளிகளுக்கு விதித்த தேவைகளை 1969 முதலாவது அது நிறைவு செய்து வந்தது என்று நீதிமன்றப் பதிவே சொல்கிறது.

பள்ளி 1963இல் பதிவானது. அந்த ஆண்டைச் சற்று கவனிக்க வேண்டும். அரசு பள்ளிகளில் அதிகாரபூர்வ ஜெபம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே வேதாகம வாசிப்புக்கும் தடை வந்தது. பக்தியுள்ள பெற்றோர்கள் கலங்கியதில் வியப்பில்லை. ஆனால் அதற்கு முன்பே, 1954இல், கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்ற தீர்ப்பும் வந்திருந்தது. தென் மாநிலங்கள் அதை ஆண்டுக் கணக்கில் இழுத்தடித்தன. 1960களின் இறுதியில் இனியும் தள்ளிப்போட முடியாத நிலை வந்தது. அந்தக் காலத்தில்தான் தெற்கே தனியார் கிறிஸ்தவப் பள்ளிகள் பெருகின. வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் தொலைக்காட்சிப் போதகர் ஜெரி ஃபால்வெல் 1967இல் தொடங்கிய பள்ளியை, வெள்ளை மாணவர்களுக்கான தனியார் பள்ளி என்றே உள்ளூர் நாளிதழ் அறிமுகப்படுத்தியது. பின்னாளில் அது கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது.

கோல்ட்ஸ்பரோ பள்ளியோ மாறவில்லை. மறைக்கவும் இல்லை. நோவாவின் மூன்று புதல்வர்களான சேம், காம், யாப்பேத் வழியேதான் மனித இனங்கள் பிரிந்தன. அவற்றைக் கலப்பது இறைக்கட்டளையை மீறுவது என்பது அதன் விளக்கம். வெள்ளையர் யாப்பேத்தின் வழி. யூதர் சேமின் வழி. கறுப்பினத்தவரும் கீழைத்தேய மக்களும் காமின் வழி. நம் வாசகர்கள் இந்த இடத்தில் ஒரு நொடி நிற்கலாம். கோலாலம்பூரிலிருந்து ஒரு சீனக் குடும்பம் அங்கே குடிபெயர்ந்து, ஞாயிறு தவறாமல் பாப்டிஸ்ட் ஆராதனைக்குப் போயிருந்தாலும் அந்த விளக்கத்தின்படி பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்காது. பெற்றோரில் ஒருவர் வெள்ளையராக இருந்தால் மட்டும் எப்போதாவது சேர்த்துக்கொண்டார்கள். கலப்பே கூடாது என்ற கொள்கைக்கு இந்த விலக்கு எப்படிப் பொருந்தும் என்பது வேறு விஷயம்.

இனப்பாகுபாடு காட்டும் தனியார் பள்ளிகளுக்கு இனி வரிவிலக்கு இல்லை என்று வருமான வரி இலாகா 1970இல் அறிவித்தது. பள்ளி தன் 3,459 டாலரைத் திருப்பிக் கேட்டபோது, இலாகா பதிலுக்கு 1,60,073 டாலர் 96 காசு பாக்கியைக் கேட்டது! கீழ் நீதிமன்றங்களில் பள்ளி தோற்றது. காதல் விஷயத்தில் இனக்கலப்புக்குத் தடை விதித்திருந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் வழக்கோடு சேர்ந்து அது உச்ச நீதிமன்றம் வந்தது.

அப்போதுதான் எதிர்பாராத திருப்பம். 1982 ஜனவரியில் அதிபர் ரேகனின் அரசாங்கம் பள்ளிகளின் பக்கம் சாய்ந்துவிட்டது. வரி இலாகாவின் நிலைப்பாட்டைத் தாங்கி வாதாட ஆளில்லை. நீதிமன்றமே ஒரு வழக்கறிஞரை அழைத்தது. அவர் வில்லியம் கோல்மன், கறுப்பினத்தவர். 1954 தீர்ப்புக்கான வாதங்களைத் தயாரித்தவர்களில் ஒருவர்; அதிபர் ஃபோர்டின் அமைச்சரவையில் போக்குவரத்து அமைச்சராகவும் இருந்தவர், அதாவது ரேகனின் சொந்தக் கட்சிக்காரர்.

1983 மே 24ஆம் தேதி தீர்ப்பு வந்தது. எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளி தோற்றது. வரிச்சலுகை பெறும் நிறுவனம் பொதுநலக் கொள்கைக்கு முரணாக நடக்கக் கூடாது. சலுகை போவதால் பள்ளிகளுக்குச் சுமை கூடும், ஆனால் அவர்களின் சமய நம்பிக்கையை யாரும் தடுக்கவில்லை என்றார் தலைமை நீதிபதி பர்கர். பள்ளியைத் திற என்றோ மூடு என்றோ நீதிமன்றம் சொல்லவில்லை.  வரிச்சலுகை இல்லாமல் போவதன் செலவை மட்டும் இனி அதுவே ஏற்க வேண்டும்.

பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் தன் தடையை 2000இல் விலக்கிக்கொண்டது, 2008இல் வருத்தமும் தெரிவித்தது. சட்டப் புத்தகங்களில் தீர்ப்புக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான். கோல்ட்ஸ்பரோ பள்ளி அந்தத் தலைப்புக்குக் கீழே, வழக்கு எண் 81-1 என்று நிற்கிறது.