மனித உடலும் தமிழகக் கோயில் கட்டடக்கலையும்

கட்டடத்தை மனித உடலாகக் காணும் வழக்கம் தமிழகக் கோயில் கட்டடக்கலையில் தொன்மையானது. கறம்பக்குடி வட்டம் அடங்கிய புதுக்கோட்டை மாவட்டத்தின் முற்காலக் கற்றளிகளில் இதைத் தெளிவாகக் காணலாம்.

உறுப்புகளும் பெயர்களும்

விமானம் ஆறு உறுப்புகளைக் கொண்டது. அதிட்டானம் பாதமாகவும், சுவர் உடலாகவும், பிரஸ்தரம் தோளாகவும், கிரீவம் கழுத்தாகவும், சிகரம் தலையாகவும், தூபி முடியாகவும் கருதப்படுகின்றன. கருவறை, முகமண்டபம், கண்டம், நாசிகை ஆகிய பெயர்களும் உடலிலிருந்து வந்தவையே. தூணைக் ‘கால்’ என்பதால்தான் நூற்றுக்கால் மண்டபம், ஆயிரங்கால் மண்டபம் என்கிறோம்.

அளவு

12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். ஆளுக்கு ஆள் கை நீளம் வேறுபடும் என்பதால் கோல் ஒன்றை நிலையான அளவாகக் கொண்டனர். சோழர் கல்வெட்டுகளில் ‘பதினாறு சாண் கோல்’ குறிப்பிடப்படுகிறது. கோயில் சுவர்களில் அளவுகோல்கள் வெட்டப்பட்டும் உள்ளன. உடலில் பிறந்த அளவு இவ்வாறு ஊருக்குப் பொதுவானது.

இயக்கம்

நார்த்தாமலை விசயாலய சோழீச்சரம் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் கருவறை வட்டம், வெளிச்சுவர் சதுரம். இரண்டுக்கும் இடையே ஆள் வலம்வரக் குறுகிய சுற்றுவழி உண்டு. நடக்கும் உடலே இங்கு இடத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது.

வேறுபாடு

உடலில் எலும்பு எடையைத் தாங்குகிறது; தசையும் தசைநாரும் இழுவிசையைத் தாங்குகின்றன. கருங்கல் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் இழுவிசைக்கு எளிதில் விரிசல் விடும். எனவே நீண்ட உத்தரம் இயலாமல் கால்களை நெருக்கமாக நட்டனர். அழுத்தத்திற்குக் கான்கிரீட், இழுவிசைக்குக் கம்பி என வேலையைப் பகிரும் இன்றைய கட்டுமானம் இவ்வகையில் உடலுக்கு நெருக்கமானது.

இன்றைய படிப்பினை

பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே 1.83 மீட்டர் உயர மனிதனை அடிப்படையாக வைத்து ‘மாடுலர்’ அளவுமுறையை வகுத்தார். ஒரே உடலை அளவாகக் கொண்டால் குழந்தையும் முதியவரும் விடுபடுவர். உயரமான படியும் நிலைப்படியும் மூட்டுவலி உள்ளவருக்குத் தடை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு மூடிய கதவு. பொதுக் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகளும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். எனவே கட்டடக்கலைஞர் உடலிடம் கற்க வேண்டியது அதன் உருவத்தை மட்டுமன்று. அது எப்படி எடை தாங்குகிறது, எப்படி நடக்கிறது, எப்போது தளர்கிறது என்பதையும் கற்க வேண்டும்.