பொம்மைப் படக்கதையும் நாஞ்சில் நாட்டுத் தோல்பாவையும்

ஒரு ஸ்பைடர்மேன் பொம்மை. பின்னால் அட்டைப்பெட்டியில் வெட்டிய வீடு. தீப்பெட்டியில் செய்த கட்டில். நாலு போட்டோ எடுத்து, பொம்மையின் தலைக்கு மேல் வட்டம் போட்டு வசனம் எழுதினால் படக்கதை ரெடி!

இதைப் பார்ப்பவர்கள் இன்டர்நெட் வந்த பிறகு முளைத்த விளையாட்டு என்றுதான் நினைப்பார்கள். உண்மை அப்படி இல்லை. 1939-ல் அமெரிக்காவில் வியூமாஸ்டர் வந்தது. கண்ணில் வைத்துப் பார்க்கும் டப்பா, அதற்குள் ஒரு வட்டத் தட்டு, தட்டுக்கு ஏழு காட்சி. சிறுவர் கதைகளுக்காக ஃப்ளாரன்ஸ் தாமஸ் என்ற பெண் சிற்பி களிமண் பொம்மைகள் செய்தார். குட்டி மரம், குட்டி வீடு எல்லாம் மேஜை மேல் அடுக்கிப் படம் எடுத்தார்கள். 1964-ல் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோவைக் கொண்டு வந்தது. 'பொம்மை' என்றால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்று அதற்கு 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று பெயர் வைத்தார்கள். 1997-ல் டாய்ஃபேர் என்ற பத்திரிகை பழைய சூப்பர் ஹீரோ பொம்மைகளைப் படம் பிடித்து நகைச்சுவைப் படக்கதை போட ஆரம்பித்தது. உலகத்தையே காப்பாற்றும் ஹீரோக்கள் அதில் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி சண்டை போட்டுக்கொள்வார்கள்.

ஊர் முழுக்கத் தெரிந்த வீரர்களைப் பொம்மையாக்கி, உள்ளூர்ப் பேச்சைக் கலந்து சிரிக்க வைப்பது... இதை நாஞ்சில் நாட்டில் அதற்கு வெகு காலம் முன்பே செய்திருக்கிறார்கள். அதுதான் தோல்பாவைக்கூத்து.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சேர்ந்ததுதான் பழைய நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி என்று மலையாள ராஜ்யத்தோடு இருந்த பகுதி. இங்கே கூத்து நடத்தியவர்கள் வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பங்கள். தஞ்சாவூர் மராட்டியர் ஆட்சியை ஒட்டித் தெற்கே வந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. கோபால ராவ், பரமசிவ ராவ் போன்ற கலைஞர்கள் இந்த மரபில் வந்தவர்கள். பறக்கையைச் சேர்ந்த ஆய்வாளர் அ.கா. பெருமாள் இந்தக் கலையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

பாவை செய்வது லேசான வேலை இல்லை. ஆட்டுத்தோலை முடி நீக்கி, மெலிதாக்கி, காய வைத்து, உருவம் வரைந்து வெட்ட வேண்டும். நகை, ஆடை வரும் இடங்களில் வெளிச்சம் புகுவதற்குப் பொடிப்பொடியாகத் துளை போட வேண்டும். அப்புறம் சாயம். வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு. முதலில் எண்ணெய் விளக்கு, பிறகு பெட்ரோமாக்ஸ், அதற்குப் பிறகு மின்சார பல்பு.

பொம்மைப் படக்கதை எடுக்கும் எல்லோருக்கும் ஒரு தொல்லை உண்டு. பொம்மையின் முகம் மாறாது! கூத்துக்காரர்கள் அதற்கு எளிய வழி கண்டிருந்தார்கள். ஒரே ராமனுக்குப் பல பாவைகள். வனவாச ராமன் வேறு, பட்டாபிஷேக ராமன் வேறு. அசோகவனத்துக்கு மரமும் சீதையும் ஒரே தோலில். கிட்டத்தட்ட படக்கதையின் ஒரு கட்டம்தான் அது.

மிச்சத்தைக் குரல் பார்த்துக்கொண்டது. ராமன், ராவணன், அனுமன் எல்லோருக்கும் ஒருவரே பேசுவார். குடும்பத்தார் பாட்டு, ஆர்மோனியம், மிருதங்கம் என்று கூட இருப்பார்கள். நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிட்டால் ராமாயணம் சற்று நேரம் நின்றுவிடும். ஊர் வம்பு, விலைவாசி, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் திரைக்கு வரும். ஜனங்கள் காத்திருந்தது இந்த இரண்டு கோமாளிகளுக்காகத்தான்.

பிறகு ஏன் நசிந்தது? கணக்குப் போட்டால் தெரியும். பாவைகள், திரை, பந்தல் எல்லாம் கூத்துக்காரரின் சொந்த முதலீடு. ஒரு ஊரில் பத்து நாள் வரை தங்கி ஆட வேண்டும். வருமானம் டிக்கெட் காசும் ஊரார் கொடுப்பதும்தான். டூரிங் டாக்கீஸ் வந்தபோது கூட்டம் பிரிந்தது. வீட்டுக்கு வீடு டிவி வந்தபோது, ராமாயணமே கூடத்துக்கு வந்துவிட்டது. மழை பெய்ய வேண்டும் என்று ராமர் பட்டாபிஷேகம் ஆடச் சொல்லும் வழக்கம் மட்டும் சில ஊர்களில் கொஞ்ச காலம் கை கொடுத்தது. பல குடும்பங்கள் வேறு பிழைப்புக்குப் போய்விட்டன. இன்று ஆடுபவர்கள் மிகச் சிலர்.

பழைய பாவைகளை மியூசியத்தில் பார்க்கலாம். ஆனால் உளுவத்தலையன் பேசிய பேச்சு பெரும்பாலும் ஏட்டில் இல்லை. அன்றன்றைக்கு அந்தந்த ஊருக்குத் தக்கபடி வாயில் வந்தது அது. பேசியவர் போனால் அதுவும் போய்விடும். ஆகவே மிச்சமிருக்கும் கூத்துக்களைக் குரலோடு பதிவு செய்து வைப்பது அவசரமான வேலை. அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஸ்பைடர்மேன் பொம்மையைப் படம் எடுக்கும் அதே செல்போன் போதும்!